படத்துக்குக் கீழே ஒரு தேதி

தல்லாகுளத்தில் கோர்ட்டுக்குப் போகிற சாலையை ஒட்டி, கூட்டம் நடத்த வாடகைக்கு விடுகிற சின்ன மண்டபம் ஒன்று உண்டு. அன்றைக்குச் சாயங்காலம் அங்கே செல்லக்கிளி எடுத்த படங்களுக்குத் திறப்பு விழா. காலையிலேயே வந்து ஏணி போட்டு ஏறி, ஒவ்வொரு படமாக மாட்டிக்கொண்டிருந்தாள். கீழே நின்று எடுத்துக் கொடுத்தவர் நாகூர் கனி. காஜிமார் தெருப் பக்கம் படங்களுக்குச் சட்டம் அடிக்கிற கடை வைத்திருப்பவர். அங்கே தொங்கின அத்தனை படத்துக்கும் அவர் கடைச் சட்டம்தான். இமயமலை ஏறினவளுக்கு ஏணி எதற்கு, சுவரைப் பிடித்து அப்படியே ஏற வேண்டியதுதானே என்று அவர் சீண்டிக்கொண்டே இருந்தார். அவளும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள், தவமலர் வந்து வாசலில் நிற்கிற வரைக்கும்.

தவமலர் ஊருக்கு வெளியே இலங்கை அகதிகள் முகாமில் இருப்பவள். மன்னார்ப் பக்கம் பிறந்து, கைக்குழந்தையாகப் படகில் வந்தவள். அவள் புருசன் யோகராசா பெயிண்ட் அடிக்கிறவன். உயரமான கட்டடம், தண்ணீர்த் தொட்டி, மில் புகைபோக்கி என்றால் கயிற்றில் தொங்கிக்கொண்டு அடிக்க அவனைத்தான் கூப்பிடுவார்கள்.

விழா சாயங்காலம்தானே, இவள் ஏன் காலையிலேயே வந்து நிற்கிறாள் என்று செல்லக்கிளி ஏணியிலிருந்து பார்த்தாள். தவமலர் கையில் அழைப்பிதழ் இருந்தது. பிடித்த பிடியில் நசுங்கிப் போயிருந்தது. அவள் வணக்கம் சொல்லவில்லை. நேராக உள்ளே வந்து, நடுச்சுவரில் மாட்டியிருந்த பெரிய படத்துக்கு முன்னால் நின்றாள். பரவை மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு மில்லின் தண்ணீர்த் தொட்டி. அதன் விளிம்பிலிருந்து கயிற்றில் தொங்குகிறான் யோகராசா, கையில் பிரஷ், முகத்தில் சிரிப்பு. காலுக்குக் கீழே திண்டுக்கல் ரோடு நூல் மாதிரி ஓடுகிறது. அழைப்பிதழின் முகப்பிலும் அதே படம்தான். தவமலர் படத்தைப் பார்க்கவில்லை. படத்துக்குக் கீழே இருந்த வரியைத் தொட்டாள்.

"அக்கா, இந்தத் தேதியை ஆர் போட்டது?"

"நான்தான். ஏன் மலரு?"

"அண்டைக்குத்தான் செக்கிங்."

கனிக்கு ஒன்றும் விளங்கவில்லை. செல்லக்கிளிக்கு விளங்கிவிட்டது. பனிச்சரிவில் நடக்கும்போது காலடியில் மொறுக்கென்று ஒரு சத்தம் கேட்டால், அடுத்த அடி எடுத்து வைக்கலாமா கூடாதா என்று உடம்பு முழுக்க அப்படியே நின்றுபோகும். ஏணிக் கட்டையில் அவள் கால் அப்படித்தான் நின்றது.

செக்கிங் என்றால் இதுதான். முகாமுக்கு மாசத்தில் ஒரு நாள் வருவாய் ஆய்வாளர் வருவார். பெயர் பெயராகக் கூப்பிடுவார். குடும்பத் தலைவன் எழுந்து வந்து முகம் காட்ட வேண்டும். மற்ற நாளில் வேலைக்குப் போகலாம், வரலாம். அன்றைக்கு மட்டும் ஆள் இருந்தாக வேண்டும். அந்த மாசம் சித்திரைத் திருவிழா வந்ததால் அதிகாரிகளுக்கெல்லாம் ஆற்றங்கரையில் வேலை. அதனால் செக்கிங்கை முன்னால் தள்ளி, அழகர் ஆற்றில் இறங்குவதற்கு முந்தின நாளே வைத்துவிட்டார்கள். காலையில்தான் சொன்னார்கள். அதற்குள் யோகராசா பரவைக்குப் போய்த் தொட்டியில் தொங்கிக்கொண்டிருந்தான். கயிற்றில் தொங்குகிறவன் போனைக் கீழே பையில் வைத்துவிட்டுத்தான் ஏறுவான். தவமலர் அடித்து அடித்துப் பார்த்தாள். எடுப்பார் இல்லை. பெயர் கூப்பிட்டதும் இவள் முன்னால் போய், அவருக்குக் காய்ச்சல், எழும்ப முடியாமல் உள்ளே படுத்திருக்கிறார் என்று சொன்னாள். ஆய்வாளர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

"காய்ச்சல் எண்டு அவற்ற முகத்துக்கு நேர சொன்னனான் அக்கா. போன வருசமும் ஒருக்கா இவர் இல்லாமல் போய், இனி இப்பிடி நடக்காது எண்டு எழுதிக் குடுத்திருக்கிறார். இனிப் பிடிபட்டால் பதிவை வெட்டிப்போடுவினம்."

பதிவை வெட்டுவது என்றால் அரிசி பருப்பு நிற்கிறது மட்டும் இல்லை. பதிவு இல்லாதவன் இந்த மண்ணில் நிற்கிறதற்கே பாத்தியதை இல்லாதவன். ஜீப் வரும், ஆளை ஏற்றும், எங்கே கொண்டுபோய் அடைப்பார்கள் என்று தெரியாது. யோகராசாவின் சித்தப்பன் மகன் ஒருவன் அப்படித்தான் போனான். திரும்பி வரும்போது அவன் பிள்ளைக்கே அவனை அடையாளம் தெரியவில்லை.

"அந்த ஐயாவும் இண்டைக்கு இங்க வாறார்," என்றாள் தவமலர். "உங்கட படம்தானே, எல்லாரும் வாங்கோ எண்டு கேம்புக்கு வந்து அவரே சொல்லிப்போட்டுப் போனவர்."

அந்த ஆய்வாளர் பெயர் சிவபாண்டி. விழாவுக்குத் தலைமை தாங்க வருகிற பெரிய அதிகாரிக்குக் கீழே வேலை பார்ப்பவர். அதிகாரி வந்தால் அவரும் கூடவே வந்துதான் ஆக வேண்டும்.

கனி உடனே படத்தைக் கழற்றப் போனார். செல்லக்கிளி வேண்டாம் என்று தடுத்தாள். அழைப்பிதழ் எல்லார் மேசையிலும் இருக்கிறது. அதில் படமும் இருக்கிறது, பொடி எழுத்தில் தேதியும் இருக்கிறது. புத்தகம் அச்சாகிக் கட்டுக்கட்டாக மூலையில் கிடக்கிறது, அதிலும் இருக்கிறது. நடுச்சுவரில் ஆணி மட்டும் நீட்டிக்கொண்டு நின்றால், அழைப்பிதழில் இருந்த படம் எங்கே என்று முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும்.

செல்லக்கிளி யாரையும் கேட்காமல் படம் போடுகிறவள் இல்லை. ஒவ்வொரு படத்தையும் அவரவரிடம் காட்டி, போடலாமா என்று கேட்டு, சரி என்ற பிறகுதான் எடுத்து வைப்பாள். யோகராசாவிடமும் காட்டினாள். நல்லாப் போடுங்கோ தங்கச்சி, நான் என்ன வேலை செய்யிறன் எண்டு என்ர மகள் பார்க்கட்டும் என்றான். ஆனால் அவன் பார்த்தது கேமராவில் வெறும் படத்தை. தேதியும் இடமும் அதற்குக் கீழே ஏறினது அப்புறம், அச்சகத்தில். அதை முகாமில் ஒருத்தரும் பார்க்கவில்லை. அதையும் காட்ட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

ஏன் தோன்றவில்லை என்று கேட்டால் அவள் கதையைச் சொல்ல வேண்டும்.

மேலூர்ப் பக்கம் கல்குவாரியில் வேலை பார்த்த காளைக்கும் சுந்தரம்மாளுக்கும் மூன்றாவதாகப் பிறந்தவள் செல்லக்கிளி. காளைக்கு முந்தின தலைமுறையெல்லாம் அடுத்தவர் வயலில் கூலிக்கு அறுத்தவர்கள். காளைதான் வயலை விட்டுக் கல்லுக்குப் போனான். இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு பாறை முகத்தில் தொங்கி, வெடிக்குக் குழி போடுவது அவன் வேலை. சோறு கொண்டுபோகிற சாக்கில் இந்தப் பெண் பாறையில் ஏறி இறங்கிப் பழகினாள். காலேஜில் என்.சி.சி.யில் சேர்ந்தவளை வடக்கே மலையேற்றம் படிக்க அனுப்பினார்கள். அப்படிப் போய்ப் போய், ஒரு குழுவோடு பெரிய பனிமலை ஒன்றிலேயே ஏறப் போனாள்.

அவளோடு கயிறு கட்டி வந்தவன் சித்தார்த் என்று மெட்ராஸ்காரப் பையன். உச்சிக்குக் கொஞ்சம் கீழே அவனுக்குத் தலைவலி தாங்கவில்லை, திரும்பிவிட்டான். செல்லக்கிளியும் வழிகாட்டியாக வந்த மலைக்காரர் ஒருவரும் மேலே போனார்கள். உச்சியைத் தொட்டார்கள். தொட்டவள் கேமராவை எடுத்தால் அது குளிரில் செத்துக் கிடந்தது. பேட்டரியை உள்ளங்கையில் பொத்திச் சூடாக்குவதற்காக வலதுகை உறையைக் கழற்றினாள். கேமரா உயிர் பெறவே இல்லை. ஆட்காட்டி விரலும் கட்டை விரலும் கறுத்துப்போய், பாதிக்கு மேல் வெட்டி எடுக்கும்படி ஆகிவிட்டது.

ஊரில் முதலில் மாலைதான் போட்டார்கள். அப்புறம் குழுவினர் ஆதாரம் கேட்டார்கள். தேதியும் நேரமும் போட்ட உச்சிப் படம் எங்கே? இல்லை. சித்தார்த் நான் பார்க்கவில்லை என்று எழுதிக் கொடுத்தான். பார்க்காதவன் பார்த்தேன் என்று எழுத முடியாதுதான். மலைக்காரர் பார்த்தேன் என்று சொன்னார், கூலிக்கு வந்தவர் பேச்சு செல்லாது என்றுவிட்டார்கள். ஏறினவர்கள் வரிசையிலிருந்து அவள் பெயரை அடித்தார்கள். ஒரு பத்திரிகை 'ஏறாத மலைக்கு மாலையா?' என்று தலைப்பே போட்டது. காளை அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டான். பிறகு மகளிடம் ஒரே ஒரு தடவை கேட்டான்.

"ஏறினியா தாயி?"

"ஏறினேன்ப்பா."

"அப்ப சரி," என்றான். அதற்குமேல் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அடுத்த வருசம் நெஞ்சுச் சளியில் போய்ச் சேர்ந்துவிட்டான்.

அதன் பிறகு அவள் மலைப்பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. அம்மாவைக் கூட்டிக்கொண்டு கோச்சடைக்குக் குடிவந்தாள். கேமராவை நடுவிரலால் அமுக்கப் பழகிக்கொண்டு கல்யாணம், காதுகுத்துக்குப் படம் எடுத்தாள். முகாமில் ஒரு சடங்கு வீட்டுக்குப் படம் எடுக்கப் போனவளிடம் அங்கேயிருந்த ஒரு பெரியவர் பேச்சுவாக்கில் சொன்னார்: எங்களுக்கு ஊரில் கல்வீடு இருந்தது, கிணறு இருந்தது, பன்னிரண்டு பனை இருந்தது, சொன்னால் ஆர் நம்புவினம், ஒரு படம்கூட இல்லை. ஒரு படம் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்று செல்லக்கிளிக்குத் தெரியும். மறுவாரமே கல்யாண வேலை இல்லாமல், கூலி இல்லாமல், திரும்பிப் போனாள். அப்படியே வருசக்கணக்காகப் போனாள். படம் எடுத்தாள், அவர்கள் சொன்னதையெல்லாம் எழுதினாள். ஒவ்வொரு படத்துக்கும் கீழே தேதியும் இடமும் போட்டாள். இனிமேல் ஒருத்தரும் உங்களைப் பார்த்து ஆதாரம் எங்கே என்று கேட்கக்கூடாது என்பாள். புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தாள், இதில் ஒரு தேதியும் பொய் இல்லை என்று. அந்தப் பழக்கம்தான் இன்றைக்கு யோகராசாவின் கழுத்துக்கு வந்து நின்றது.

"தேதி தப்புன்னு சொல்லிரு தங்கச்சி," என்றார் கனி. "அச்சுல எம்புட்டோ தப்பு வருது. கல்யாணப் பத்திரிகையில மாப்பிள்ளை பேரே மாறி வந்துருக்கு, எங்க அத்தா காலத்துல அதை வச்சே ஒரு சண்டை."

செல்லக்கிளி ஏணியிலிருந்து இறங்கி வந்து படத்துக்கு முன்னால் நின்றாள். கனி அடுத்த படத்தை எடுக்கக் குனிந்தார். அவருக்கு அவளைத் தெரியும். தேதி தப்பு என்று அவள் வாயால் சொல்வது என்ன என்பதும் தெரியும்.

தவமலர் இதற்குள் யோகராசாவுக்குப் போன் போட்டிருந்தாள். நல்லவேளை அன்றைக்கு அவன் தரையில் நின்று கேட் ஒன்றுக்குச் சாயம் அடித்துக்கொண்டிருந்தான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, போனைச் செல்லக்கிளியிடம் கொடுக்கச் சொன்னான்.

"தங்கச்சி, நீங்க ஒண்டும் பொய் சொல்ல வேண்டாம். உங்கட புத்தகத்தில பொய் இல்லை எண்டு பேப்பரில வந்திருக்கு, மகள் வாசிச்சுக் காட்டினவள். நான் வாறன். வந்து ஐயாட்ட நானே சொல்லிப்போடுறன், வேலைக்குப் போனனான் எண்டு. வாறது வரட்டும்."

வராதீங்க அண்ணே என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் வைத்துவிட்டான். திருப்பிப் போட்டாள். எடுக்கவில்லை. தவமலரும் போட்டுப் பார்த்தாள். அப்புறம் மண்டபத்துப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அழுகிற சத்தம் வெளியே வரவில்லை.

பொழுது சாய்ந்தது. செல்லக்கிளியின் அம்மா சுந்தரம்மாள் கோச்சடையிலிருந்து ஆட்டோவில் வந்து, நல்ல சேலை கட்டி முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டாள். முகாமிலிருந்து ஒரு வேனில் ஆட்கள் வந்து இறங்கினார்கள். அவரவர் படத்துக்கு முன்னால் நின்று, மூக்கு இவ்வளவு பெரிதா என்று ஒருவரை ஒருவர் கேலி செய்துகொண்டார்கள். யோகராசாவைக் காணவில்லை. பஸ் நெரிசலில் மாட்டியிருப்பான், அப்படியே மாட்டிக் கிடக்கட்டும் என்று செல்லக்கிளி வேண்டிக்கொண்டாள். அவள் கண் வாசலிலேயே இருந்தது.

அதிகாரி வந்தார், குத்துவிளக்கு ஏற்றினார். சிவபாண்டி அவருக்குப் பின்னால் நின்றிருந்தார். சுத்தமான வெள்ளைச் சட்டை, பையில் பேனா, கண்ணாடிக் கூடு. மோசமான மனிதர் இல்லை, கறாரான மனிதர். விளக்கு ஏற்றி முடிந்ததும் அதிகாரி ஒரு பக்கமாகப் படம் பார்த்துக்கொண்டு போக, இவர் இன்னொரு பக்கமாகத் தனியே பார்த்துக்கொண்டு வந்தார். ஒவ்வொரு படத்திலும் இருக்கிற ஆளை அவருக்குத் தெரியும். பெயர் சொல்லித் தலையசைத்துக்கொண்டே வந்தார். நடுச்சுவருக்கு வந்ததும் நின்றார். கண்ணாடியை எடுத்து மாட்டினார். மேலே பார்த்தார், சிரித்தார். கீழே வரியைப் பார்த்தார். சிரிப்பு அப்படியே வற்றிப்போனது. போனை எடுத்து எதையோ தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

"மேடம், ஒரு நிமிஷம் வாங்க."

செல்லக்கிளி போனாள். மலை ஏறுவதற்கு முன்னால் மூச்சை எண்ணி விடச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அப்படித்தான் விட்டுக்கொண்டு போனாள்.

"இந்தப் படம் என்னைக்கு எடுத்தது?"

"திருவிழா அப்ப சார்."

"திருவிழா அப்பன்னா? இதுல ஆத்துல இறங்குறதுக்கு முந்துன நாள் போட்டிருக்கே."

"அது தப்பு சார். இறங்கின அன்னைக்கு எடுத்தது."

சிவபாண்டி படத்துக்குக் கிட்டே குனிந்தார். ரோட்டில் ஒரு வேன், அதன்மேல் தலையில் உருமால் கட்டி, தோளில் தண்ணீர் பீச்சுகிற தோல்பை போட்ட ஆட்கள், கடுகு கடுகாக. அழகருக்கு வேஷம் கட்டினவர்கள். மதுரைக்காரர் கண்ணுக்கு அது தப்புமா?

"வேஷம் கட்டினவங்க போறாங்க," என்றார். "முந்துன நாள் எதிர்சேவைக்கும் போவாங்க, மறுநாள் ஆத்துக்கும் போவாங்க. அதை வச்சுச் சொல்ல முடியாது." நிமிர்ந்தார். "ஆனா மேடம், தேதி போடாம படமே போட மாட்டேன்னு பேப்பர்ல சொல்லிருந்தீங்க. புத்தகத்துலயும் எழுதிருக்கீங்க. இந்த ஒரு படத்துக்கு மட்டும் எப்படித் தப்பும்?"

பக்கத்தில் நின்றவர்கள் கிட்டே நகர்ந்து வந்தார்கள். தவமலர் கனியின் சட்டை ஓரத்தைப் பிடித்திருந்தாள், யார் சட்டை என்றுகூடத் தெரியாமல். அந்த நேரத்தில்தான் வாசலில் யோகராசா வந்து நின்றான். வேலையிலிருந்து நேரே வந்திருக்கிறான். காக்கி பேண்டில் பச்சைச் சாயம், முன்கையில் பச்சைச் சாயம். கூட்டத்தைப் பார்த்துச் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே கால் வைத்தான்.

ஒரு படத்துக்கு மட்டும் தப்பாது. செல்லக்கிளிக்கு அது தெரிந்துவிட்டது. இந்த மனிதர் நம்ப வேண்டுமானால் ஒன்றை மட்டும் விட்டுக்கொடுத்துக் கரை சேர முடியாது.

"இது மட்டும் இல்ல சார். எல்லாமே தப்பு. கேமராவுல கடிகாரம் ஒரு நாள் பிந்தி ஓடிருக்கு, நான் கவனிக்கல. அது காட்டின தேதியை அப்படியே போட்டுட்டேன்."

"எல்லாமேன்னா, புத்தகம் பூராவுமா?"

"பூராவும்."

அதிகாரி அந்தப் பக்கமிருந்து திரும்பிப் பார்த்தார். அவரோடு நின்றிருந்த கல்லூரி ஆசிரியர் ஒருவர், இந்தப் புத்தகத்தை அகதிகள் வாழ்வுக்கு ஆவணமாக நூலகத்தில் வைக்கப்போகிறோம் என்று சற்று முன்னால்தான் சொல்லியிருந்தார். அவர் கையில் இருந்த புத்தகத்தை மூடினார்.

சிவபாண்டிக்கு இன்னும் மனசு ஒப்பவில்லை. "இம்புட்டு வருசம் எடுத்துருக்கீங்க, தேதிதான் முக்கியம்னு சொல்லிருக்கீங்க, கடிகாரம் சரியான்னு ஒரு தடவைகூடப் பார்க்கலையா? நம்புற மாதிரி இல்லையே." சொல்லிக்கொண்டே திரும்பினவர் கண்ணில் யோகராசா பட்டுவிட்டான். "இந்தா, அவரே வாராரு. யோகராசா, இங்க வாங்க."

யோகராசா வந்தான். கூட்டம் ஒதுங்கி வழி விட்டது. அவன் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான். "ஐயா, அண்டைக்கு நான்—"

"சார், என் கதை உங்களுக்குத் தெரியாதா?" செல்லக்கிளி குறுக்கே புகுந்தாள். குரல் கொஞ்சம் உரக்கவே வந்தது. "மலை விஷயத்துலயே தேதியும் ஆதாரமும் காட்ட முடியாமத்தான சார் ஊரே சிரிச்சுச்சு. என் கணக்கு எப்பவும் அப்படித்தான்."

சிவபாண்டி புருவத்தைச் சுருக்கினார். பிறகு அவருக்கு ஞாபகம் வந்தது. வலதுகை விரல்களைப் பார்த்தார்.

"அட, அந்தப் பொண்ணா நீங்க. பேப்பர்ல வந்துச்சே. மாலையெல்லாம் போட்டு... ஆமா." யோகராசாவை விட்டுவிட்டு அவள் பக்கமாகவே முழுக்கத் திரும்பிக்கொண்டார். ஆவலை அவரால் அடக்க முடியவில்லை. "நான் கேக்கணும்னு நெனச்சதுதான். இன்னைக்காவது சொல்லுங்க. ஏறுனீங்களா, இல்லையா?"

முன்வரிசையில் சுந்தரம்மாள் உட்கார்ந்திருந்தாள். நல்ல சேலை. மடியில் மகள் எழுதின புத்தகம். எழுத்துக் கூட்டத் தெரியாவிட்டாலும் படத்தைப் பார்த்துப் பார்த்துப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தவள், இப்போது தலை நிமிர்ந்து மகளையே பார்த்தாள்.

செல்லக்கிளி அம்மாவைப் பார்க்கவில்லை. பார்த்தால் வாய் வராது.

"இல்ல சார்," என்றாள். "ஏறலை."

சிவபாண்டி சிரித்துவிட்டார். கெட்ட சிரிப்பு இல்லை. ரொம்ப நாளாக நெருடின ஒரு முள்ளை எடுத்தவர் மாதிரிச் சிரிப்பு. "அதான பார்த்தேன்," என்றார். "தேதி விஷயத்துல இனிமேலாவது ஜாக்கிரதையா இருங்க மேடம். நாலு குடும்பத்துக்குச் சிக்கலாயிரும். நான்கூட அந்த அம்மா என்கிட்டப் பொய் சொல்லிருச்சோன்னு நெனச்சுட்டேன்." யோகராசாவின் பக்கம் திரும்பி, "காய்ச்சல்ல கெடந்து எந்திரிச்ச மறுநாளே தொட்டியில ஏறலாமாய்யா? விழுந்தா யாரு பதில் சொல்றது?" என்று அதட்டினார்.

யோகராசா செல்லக்கிளியைப் பார்த்தான். அவள் கண்ணால் வேண்டாம் என்றாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். "இனி ஏறமாட்டன் ஐயா," என்றான்.

அதிகாரி பேசும்போது நாசூக்காகத்தான் பேசினார். படங்களில் உயிர் இருக்கிறது, உழைப்பு இருக்கிறது என்றார். ஆவணம் என்ற சொல்லை மட்டும் அவர் எடுக்கவில்லை. கல்லூரி ஆசிரியர் போகும்போது புத்தகத்தை நாற்காலியிலேயே வைத்துவிட்டுப் போனார். மறந்து வைத்தது மாதிரி வைத்திருந்தார். கனி அதை எடுத்துத் துடைத்துக் கட்டோடு சேர்த்தார்.

வீட்டுக்குப் போகிற ஆட்டோவில் சுந்தரம்மாள் புத்தகத்தை மடியில் பிடித்துக்கொண்டு வந்தாள். ஆரப்பாளையம் தாண்டி, வைகைக் காற்று முகத்தில் அடிக்கிற இடத்தில்தான் கேட்டாள்.

"எதுக்குடி அப்படிச் சொன்ன?"

செல்லக்கிளி சொன்னாள். தொட்டி, செக்கிங், காய்ச்சல், எல்லாம். சுந்தரம்மாள் கேட்டுக்கொண்டே வந்தாள். ஆட்டோ தெருவுக்குள் திரும்பினது.

"நல்லவேளை, உங்கப்பன் இதுக்கு முன்னாடியே கேட்டுக்கிட்டாரு," என்றாள். இறங்கும்போது மகளின் வலதுகையைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினாள். அந்த விரல் நுனிகளைத் தொட்டால் மகளுக்கு வலிக்கும் என்று இத்தனை வருசமும் இடதுகையைத்தான் பிடிப்பாள்.

அடுத்த வாரம் கனியின் கடையில் ஒட்டுவேலை நடந்தது. செல்லக்கிளி ஒரு துண்டுச் சீட்டு அச்சடித்திருந்தாள். இந்தப் புத்தகத்தில் உள்ள தேதிகளை நம்ப வேண்டாம், கேமராவின் பிழை, பொறுப்பு என்னுடையது என்று அதில் இருந்தது. முதல் பக்கத்தில் பொய் இல்லை என்று எழுதியிருந்த வரிமேல் அதை ஒட்ட வேண்டும். தவமலரும் வந்து உட்கார்ந்தாள். முதல் புத்தகத்தில் செல்லக்கிளி பசையைத் தடவிவிட்டு, சீட்டை வைக்காமல் கையில் பிடித்துக்கொண்டே இருந்தாள். பசை காயத் தொடங்கியது. தவமலர் அவள் கையிலிருந்து சீட்டை வாங்கித் தானே ஒட்டினாள். ஒட்டிவிட்டு, அதன்மேல் உள்ளங்கையை வைத்து வெகுநேரம் அழுத்திக்கொண்டிருந்தாள்.

"எங்களால உங்கட மலையும் போச்சு அக்கா."

"மலை அங்கனயேதான் இருக்கு மலரு. பசையக் குடு, காயுது."

அடுத்த மாசச் செக்கிங் அன்றைக்குச் செல்லக்கிளி முகாமில்தான் இருந்தாள், கேமராவோடு. வேப்பமரத்தடியில் மேசை போட்டுச் சிவபாண்டி உட்கார்ந்திருந்தார். இவளைப் பார்த்ததும் அவருக்கு ஒரே உற்சாகம்.

"என்ன மேடம், இன்னைக்காவது கடிகாரம் சரியா ஓடுதா?"

மேசையைச் சுற்றி நின்றவர்கள் சிலர் சிரித்தார்கள். அவர்களில் சிலருக்கு விவரம் தெரியும், சிலருக்குத் தெரியாது. இரண்டு தரப்பும் ஒரே மாதிரிதான் சிரித்தார்கள்.

"இன்னும் சரி பண்ணல சார்," என்றாள் செல்லக்கிளி.

அவர் தலையை ஆட்டிக்கொண்டு குனிந்து அடுத்த பெயரைக் கூப்பிட்டார். யோகராசா கூட்டத்திலிருந்து வெளியே வந்தான். குளித்து, தலை சீவி, மேல்பொத்தான் வரைக்கும் போட்ட சட்டை. நகக்கண்ணில் மட்டும் பச்சைச் சாயம் போகவில்லை.

"இருக்கிறன் ஐயா."

சிவபாண்டி முகத்தைப் பார்த்தார், குறித்துக்கொண்டார். செல்லக்கிளி நடுவிரலால் கேமராவை அமுக்கினாள்.